உள்ளங்கால் மச்சமும் டாக்டரின் கண்ணாடியும்

(செலண்டாரில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் குடும்பக் கூட்டம் ஒன்றில், ஓய்வு பெற்ற தோட்ட டிரஸ்ஸர் ஒருவர் நிகழ்த்திய உரை)

 

சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் எனக்கு முன் பேசியவர்கள் விரிவாகப் பேசிவிட்டார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள் மச்சம். நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு ஒரு தம்பி, "டிரஸ்ஸர் ஐயா இன்றைக்கு ஜோசியம் சொல்லப் போகிறாரா?" என்று வாசலிலேயே கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நம்மவர்களுக்கு மச்சம் என்றால் அதிர்ஷ்டம் அல்லவா? லாட்டரி விழுந்தவனைப் பார்த்து, "அவனுக்கு உடம்பெல்லாம் மச்சம்" என்கிறோம். உள்ளங்காலில் மச்சம் இருந்தால் கடல் தாண்டிப் போவான் என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். நம்முடைய பாட்டன்மார் அத்தனை பேரும் கடல் தாண்டி வந்தவர்கள்தாம். அவர்கள் எல்லோருடைய காலிலும் மச்சம் இருந்ததா என்று யாரும் தூக்கிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது அந்த உள்ளங்கால் மச்சத்தைப் பற்றித்தான். முதலில் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொல்வதற்கு எனக்கு மகிழ்ச்சி இல்லை.

1983-ஆம் ஆண்டு. எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். பால் மரம் வெட்டும் அம்மாள் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், வேலை முடிந்து வாளியை இறக்கி வைத்துவிட்டு நேரே என்னுடைய மருந்து அறைக்கு வந்தார். "டிரஸ்ஸர் ஐயா, குதிகால்ல கறுப்பா ஒண்ணு இருக்குங்க. தேச்சாலும் போக மாட்டேங்குது" என்றார். காலைக் காட்டச் சொன்னேன். காட்டுவதற்கே அவருக்கு வெட்கம். பெரிய மனிதர் முகத்துக்கு எதிரே காலை நீட்டுவதா, அதுவும் மண் ஒட்டிய காலை என்று கூசினார். அரைகுறையாகத் திருப்பிக் காட்டினார். நானும் அரைகுறையாகப் பார்த்தேன். "பால் கறையா இருக்கும் அம்மா. இல்லாட்டி கால் ஆணி" என்று சொல்லி, தோலைக் கரைக்கும் களிம்பு ஒரு டப்பா கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தார். கறுப்பு கொஞ்சம் பரவியிருந்தது. பிளேடை எடுத்து மேல்தோலைச் சீவிவிட்டேன். மூன்றாவது முறை அவர் வந்தபோது அந்த இடம் புண்ணாகி நீர் வடிந்துகொண்டிருந்தது. தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. அன்றைக்குத்தான் தோட்டத்து வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே கட்டியை வெட்டி எடுத்தார்கள். ஆனால் நோய் காலை விட்டு மேலே போயிருந்தது. அடுத்த தீபாவளிக்கு அந்த அம்மாள் இல்லை. என்னை ஒரு வார்த்தையும் குறை சொல்லாமல் போய்ச் சேர்ந்தார். அந்த நோயின் பெயர் மெலனோமா. கருநிறப் புற்று என்று தமிழில் சொல்லலாம்.

தோழர்களே, மச்சம் என்பது என்ன? நம் தோலுக்கு நிறம் கொடுக்கும் சரக்குக்கு மெலனின் என்று பெயர். அதைத் தயாரிக்கும் உயிரணுக்கள் தோல் முழுவதும் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுப் பரவியிருக்கின்றன. அவற்றின் இனத்தைச் சேர்ந்த அணுக்கள் ஓரிடத்தில் கூட்டமாகக் கூடிவிட்டால் அதுவே மச்சம். சிறு வயதிலும் வாலிபத்திலும் தோன்றும். அநேகமாக எல்லோருக்கும் உண்டு. அதனால் ஒரு தீங்கும் இல்லை. உங்கள் கன்னத்து மச்சத்தைப் பற்றி இன்றிரவு தூக்கம் கெட வேண்டாம். அந்த அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகித் தோலின் உள்ளே இறங்குவதுதான் மெலனோமா. அது பழைய மச்சத்திலிருந்தும் கிளம்பலாம். மச்சமே இல்லாத வெறும் தோலிலும் புதிதாகக் கிளம்பலாம்.

வெள்ளைக்காரர்களுக்கு இந்த வியாதி அதிகம். வெளிறிய தோலை வெயில் சுடுகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில்தான் உலகிலேயே மிகுதி. நம்முடைய கறுத்த தோல் நமக்கு ஒரு குடை மாதிரி. ஆகவே நமக்கு மெலனோமா வருவது அபூர்வம். இது நல்ல செய்தி. ஆனால் அபூர்வமாக வரும்போது அது எங்கே வருகிறது என்பதில்தான் நாம் ஏமாந்துபோகிறோம். இந்தியர், சீனர், மலாய்க்காரர், ஜப்பானியர், ஆப்பிரிக்கர் ஆகியோருக்கு அது வரும் இடங்களில் முதன்மையானவை உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. இந்த இடங்களுக்கும் வெயிலுக்கும் சம்பந்தம் இல்லை. பாதத்தில் உடல் பாரம் அழுத்தும் பகுதிகளில் அதிகமாகக் காணப்படுகிறது என்று ஜப்பானிய டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்காக, காலில் செருப்பில்லாமல் காடு மேடெல்லாம் நடந்ததால்தான் வந்தது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அப்படி நிரூபணம் ஆகவில்லை.

நம் பையன்கள் பலர் சட்டையில் ஒரு பாடகரின் படத்தைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். ஜமைக்கா நாட்டு பாப் மார்லி. அவருடைய முடி தெரியும், பாட்டுத் தெரியும்; அவர் எதனால் இறந்தார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1977-இல் அவருடைய கால் பெருவிரல் நகத்தடியில் இருந்த புண் மெலனோமா என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் அதைப் பந்தாட்டத்தில் பட்ட காயம் என்றே நினைத்திருந்தார்கள். விரலை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னதற்கு அவர் ஒப்பவில்லை. நகத்தடித் தசையை மட்டும் எடுத்து, வேறிடத்துத் தோலை ஒட்டினார்கள். 1981 மே 11-ஆம் தேதி, 36 வயதில், அமெரிக்காவின் மயாமி நகரத்தில் காலமானார். உலகமே அறிந்த மனிதர், பணத்துக்குப் பஞ்சமில்லாதவர். அவருக்கும் என் தோட்டத்து அம்மாளுக்கும் வந்தது ஒரே நோய், ஏறக்குறைய ஒரே இடம். இருவர் விஷயத்திலும் முதலில் அதைச் சாதாரணமானது என்றே நினைத்தார்கள்.

சரி, கறையையும் கால் ஆணியையும் மச்சத்தையும் புற்றையும் எப்படிப் பிரித்தறிவது? வெறும் கண்ணுக்கு எல்லாம் கறுப்புத்தான். அதற்குத்தான் இப்போது டாக்டர்கள் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறார்கள். டெர்மாட்டோஸ்கோப் என்று பெயர். நாம் தோல் பூதக்கண்ணாடி என்று சொல்லிக்கொள்வோம். சட்டைப் பையில் அடங்கும். சுமார் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். உள்ளேயே விளக்கும் இருக்கும். குத்துவது இல்லை, கீறுவது இல்லை, வலி இல்லை.

பத்து மடங்கு பெரிதாக்குவதற்குச் சாதாரணப் பூதக்கண்ணாடி போதாதா என்று கேட்பீர்கள். போதாது. குட்டையில் உச்சி வெயில் அடிக்கும்போது தண்ணீர் மேலே பளபளக்கும். அடியில் ஓடும் மீன் தெரியாது. நம் தோலும் அப்படித்தான். மேலே காய்ந்த செதில் தோல் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துவிடுகிறது. அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெயோ பசையோ விட்டு, ஒரு கண்ணாடித் தகட்டை அழுத்தி வைத்தால் அந்தப் பளபளப்பு அடங்கிவிடும். வெளிச்சம் உள்ளே போய் வரும். பலகாரம் மடித்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடத்தில் மறுபக்கம் தெரிகிறதே, அதே சங்கதி. இப்போது வரும் கருவிகள் சிலவற்றில் எண்ணெய்கூட வேண்டியதில்லை. விளக்கிலும் வில்லையிலும் ஒளியை வடிகட்டும் தகடுகள் வைத்தே பளபளப்பை வெட்டிவிடுகிறார்கள்.

எண்ணெய் விடும் இந்த யுக்தி புதிதல்ல. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து டாக்டர் உன்னா 1893-லேயே செய்து பார்த்தார். 1920-இல் மியூனிக்கில் சாஃபியர் என்பவர்தான் இதற்கு "டெர்மாட்டோஸ்கோப்பி" என்று பெயர் வைத்தார். 1950-களில் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்து லியான் கோல்ட்மன் மச்சங்களை இவ்வாறு ஆராய்ந்தார். 1987-இல் வியன்னா டாக்டர்கள், எந்த மச்சத்தில் எந்தக் கோலம் தெரியும் என்று வரிசைப்படுத்தினார்கள். ஆனால் அவர்கள் கருவி மேஜையில் நிறுத்திய பெரிய நுண்ணோக்கி. கையில் பிடிக்கிற சிறிய கண்ணாடியைப் பற்றி மியூனிக் டாக்டர்கள் எழுதியது 1989-இல்தான். நான் அந்த அம்மாளின் காலைப் பார்த்து ஆறு ஆண்டுகள் கழித்து.

உள்ளே என்ன தெரிகிறது? முதலாவது நிறம். நம் ஆயாமார் கைகளில் பச்சை குத்தியிருப்பார்கள். குத்தியது கரி மை. கறுப்பைக் குத்திவிட்டுப் பச்சை என்று ஏன் சொல்கிறோம்? கறுப்பு, தோலுக்கு அடியில் ஆழத்தில் இருந்தால் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு நீலமாகவோ பச்சையாகவோ தோன்றும். மெலனினும் அப்படியே. தோலின் மேல் தட்டில் இருந்தால் கறுப்பு. சற்றுக் கீழே பழுப்பு. இன்னும் கீழே சாம்பல். ஆழத்தில் நீலம். ஆகவே கண்ணாடியில் தெரியும் நிறத்தைக் கொண்டே சரக்கு எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று டாக்டர் கணக்குப் போடுகிறார். ஒரே நிறமாக, இரு பக்கமும் ஒத்து இருந்தால் பெரும்பாலும் சாது. ஆஸ்திரேலியாவில் சிட்னியைச் சேர்ந்த ஸ்காட் மென்சீஸ் என்ற டாக்டர் 1996-இல் வகுத்த முறையில் இதுதான் முதல் கேள்வி. பல நிறம் கலந்து, ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் இருந்தால், மேலே நீலமும் வெள்ளையும் கலந்த மூட்டம் போட்டிருந்தால், ஓரத்தில் கோடுகள் பிய்ந்து நீட்டிக்கொண்டிருந்தால், அப்போது டாக்டரின் முகம் மாறும்.

இது உடம்பின் மற்ற இடங்களுக்கு. உள்ளங்காலுக்கும் உள்ளங்கைக்கும் வேறு சட்டம். அதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நம் தகப்பன்மார் காலத்தில் சம்பளப் புத்தகத்தில் கைநாட்டு வைப்பார்கள். பெருவிரலில் மை தடவிக் காகிதத்தில் அழுத்தினால் என்ன விழும்? ரேகை விழும். ரேகையில் மேடும் பள்ளமும் மாறி மாறி இருக்கின்றன. மேட்டில் மை ஒட்டுகிறது, பள்ளம் வெள்ளையாக நிற்கிறது. உள்ளங்கால் முழுவதும் அதேபோல ரேகை உண்டு.

இனி, வெளிக்காட்டு வேலை முடிந்து கையைக் கழுவுகிறீர்கள். மேட்டில் இருந்த மண் போய்விடும்; பள்ளத்தில் கறை மெல்லிய கோடாக நிற்கும். இல்லையா?

ஜப்பானில் மட்சுமோட்டோ நகரத்தில் ஷின்ஷு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சாய்தாவும் அவருடைய தோழர்களும் உள்ளங்கால் மச்சங்களை நூற்றுக்கணக்கில் பார்த்து ஓர் உண்மையைக் கண்டார்கள். சாதாரண மச்சத்தில் கறுப்பு, கழுவிய கையைப் போலப் பள்ளத்தில் மெல்லிய கோடாக ஓடும். புற்றில் கறுப்பு, கைநாட்டைப் போல மேட்டில் அகலமான பட்டையாக ஓடும். அவ்வளவுதான். 2004-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, புற்று நூறு இருந்தால் 86-இல் இந்த மேட்டுப்பட்டை தெரிந்தது; புற்றல்லாத மச்சம் நூறு இருந்தால் 99-இல் அது இல்லை. கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் ஒன்று இவ்வளவு தெளிவாகப் பேசுவதை நான் வேறு வியாதியில் அதிகம் கண்டதில்லை.

எது மேடு, எது பள்ளம் என்று எப்படித் தெரியும் என்று ஒரு தங்கை கேட்கும் முகம் எனக்குத் தெரிகிறது. நல்ல கேள்வி. வியர்வைத் துவாரங்கள் மேட்டில்தான் திறக்கின்றன. கண்ணாடியில் அவை வெள்ளைப் புள்ளிகளாக, கோத்த முத்துப் போல வரிசையாகத் தெரியும். முத்து வரிசை ஓடும் இடம் மேடு. அதிலும் சந்தேகம் வந்தால் மார்க்கர் பேனா மையைத் தடவித் துடைப்பார்கள். மை பள்ளத்தில் தங்கிவிடும். கறுப்புக் கோடும் மைக் கோடும் ஒன்றாக விழுந்தால் நல்லது.

இதில் விதிவிலக்கு உண்டு. அழுத்தம் விழும் இடத்தில் சாதாரண மச்சமே குறுக்கே சாய்ந்த நார் போலத் தெரியும். சில இடத்தில் கட்டம் போட்ட மாதிரி தெரியும். மேலே சொன்ன நூறில் 14 புற்றுகளில் மேட்டுப்பட்டை இல்லை என்பதையும் மறக்கலாகாது. ஆகையால், மேட்டுப்பட்டை இல்லாவிட்டாலும் சாது மச்சத்தின் கோலமும் இல்லாமல், 7 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால் எடுத்துச் சோதித்துவிடுவது என்று அவர்கள் ஒரு வரம்பு வைத்தார்கள். இரத்தம் கட்டிய கறுப்பும் மேட்டில் கூழாங்கல் போலத் தெரியலாம். அது செம்மை கலந்திருக்கும், சுரண்டினால் வந்துவிடும். இதையெல்லாம் பிரித்தறியப் பழக்கம் வேண்டும். பயிற்சி இல்லாதவர் கையில் இந்தக் கருவி வெறும் கண்ணைவிட மேலாக வேலை செய்வதில்லை என்று வியன்னாவிலேயே சோதித்து எழுதியிருக்கிறார்கள். உளி இருந்தால் மட்டும் பால் வெட்டிவிட முடியுமா? புதிய ஆள் கையில் உளியைக் கொடுத்தால் மரத்துக்குக் காயம்தானே! கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் புற்றா இல்லையா என்று சொல்லிவிடும் என்று விளம்பரம் வருகிறது. படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒப்பிடப் பயன்படும். தீர்ப்பை அதனிடம் கேட்க வேண்டாம்.

இப்போது நகம். கையில் சுத்தியல் விழுந்தது, காலில் செம்பனைக் குலை விழுந்தது, நகம் கறுத்தது. அது இரத்தம். நகம் வளர வளர அந்தக் கறுப்பு முன்னால் நகர்ந்துபோகும். அடியில் புதிய நகம் சுத்தமாக வரும். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். கால் நகம் அதைவிட மெதுவு. ஆகவே இரண்டு மூன்று மாதம் பார்த்தாலே நகருகிறதா, நிற்கிறதா என்று விளங்கும். நகத்தின் அடியிலிருந்து நுனிவரை நீளமாகக் கறுப்புக் கோடு ஓடுவது வேறு. நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்குப் பல விரல்களில் இப்படிக் கோடு இருப்பது சகஜம், பயம் வேண்டாம். ஒரே ஒரு விரலில், அதுவும் பெருவிரலில், நடுத்தர வயதுக்குமேல் புதிதாகத் தோன்றி, அகலமாகிக்கொண்டே போனால் காட்ட வேண்டும். கறுப்பு நகத்தை விட்டு வெளியேறிச் சுற்றியுள்ள சதையிலும் படிந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். நூறாண்டுக்கு முன்பே ஹட்சின்சன் என்ற ஆங்கில டாக்டர் எச்சரித்த அடையாளம் அது.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மிடையே அது எத்தனை வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். காலில் புண் ஆறவில்லை என்றால் எல்லோரும் சர்க்கரையின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். ஆறாத கால் புண் சில சமயம் மெலனோமாவாக இருந்து, சர்க்கரைப் புண் என்றே மாதக்கணக்கில் கட்டுப்போட்ட சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உண்டு. சில மெலனோமா கறுப்பாகவே இராது. சிவந்த சதைத் துண்டு போல இருக்கும். புண்ணின் ஓரத்தில் கறுப்போ நீலமோ தெரிந்தாலும், கட்டுப்போட்டும் ஆறாமல் இழுத்தாலும், "ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்கலாமா டாக்டர்?" என்று வாயைத் திறந்து கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

கண்ணாடி வைத்துப் பார்த்தபின் டாக்டர் மூன்றில் ஒன்றைச் சொல்வார். சாது என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதுதான் அதிகம். போன ஆண்டு எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், எட்டாம் வகுப்புப் படிக்கிறவள், உள்ளங்காலில் கறுப்பு என்று அவள் தாயார் அழுதுகொண்டே என்னிடம் வந்தார். நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். சர்ம டாக்டர் ஒரு பசையைத் தடவிக் கண்ணாடியை வைத்தார். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. "கோடெல்லாம் பள்ளத்தில் ஓடுகிறது, மச்சம்தான்" என்றார். என்னையும் பார்க்கச் சொன்னார். பழுப்பு நூல் பிடித்த மாதிரி வரிவரியாக, பக்கத்தில் வெள்ளை முத்து வரிசை. நாற்பது ஆண்டுக்கு முன் நான் பார்க்காமல் விட்ட அந்தக் குதிகால் என் நினைவுக்கு வந்தது. வெளியே வந்து சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிறுமி ஐஸ் கச்சாங் கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாவது, சந்தேகம். தட்டையான மச்சமாக இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று மாதம் போல விட்டு மறுபடியும் வரச் சொல்வார். அப்போது பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அந்தத் தேதிக்குக் கட்டாயம் போக வேண்டும். "வலி இல்லையே, எதற்கு ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும்?" என்று நின்றுவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். இந்த நோய் ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்காததுதான் அதன் சூழ்ச்சி. எழும்பிப் புடைத்திருக்கிற சந்தேகமான மச்சத்தைக் காத்திருந்து பார்க்கச் சொல்ல மாட்டார்கள், எடுத்துவிடுவார்கள்.

மூன்றாவது, எடுப்பது. இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, முடிந்தவரை முழுவதையும் வெட்டி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கேதான் கடைசித் தீர்ப்பு. கண்ணாடி தீர்ப்புச் சொல்வதில்லை, யாரை அங்கே அனுப்ப வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறது. புற்று என்றால் அது தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். வாஷிங்டனில் பிரெஸ்லோ என்பவர் 1970-இல் கொண்டுவந்த அளவு. 1 மில்லிமீட்டருக்கு உட்பட்டு இருக்கும்போது பிடித்துவிட்டால், சுற்றிலும் 1 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்துவிட்டால், மிகப் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். 4 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் கதை வேறு. ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு என்று பால் வெட்டுகிறவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டையைச் சீவும்போது அந்த அளவுக்கும் கீழே உங்கள் கை கணக்குப் போடுகிறதே! நோய் பரவிய பிறகும் இப்போது புதிய மருந்துகள் வந்திருக்கின்றன. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்துகள். நல்லவைதாம். ஆனால் விலை அதிகம், எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை.

செய்யக் கூடாதவை சில. நம் வீடுகளில் மருவுக்கும் மச்சத்துக்கும் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைக்கும் பழக்கம் இருக்கிறது. முடியைக் கட்டி அறுப்பதும் உண்டு. இப்போது படித்த பிள்ளைகள் அழகு நிலையத்துக்குப் போய் மிஷினால் சுட்டுக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். மேலே இருக்கிற கறுப்பு போய்விடும். அடியில் ஏதாவது இருந்தால் அது இருந்தபடியே இருக்கும். சோதிப்பதற்குத் துணுக்கும் கிடைக்காது. நான் அன்று பிளேடால் சீவினேனே, அதுவும் இந்த ரகம்தான். மச்சத்தை எடுக்க வேண்டுமானால் முதலில் டாக்டர் பார்க்கட்டும்.

மாதம் ஒரு முறை நகம் வெட்டும்போது காலையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டினால் தெரியும். அதுவும் முடியாவிட்டால் பேரப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். விரல் இடுக்கையும் விட வேண்டாம். உள்ளங்காலில் கறுப்புத் தென்பட்டால் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, இரண்டு மூன்று வாரம் பாருங்கள். கறை என்றால் போய்விடும். போகாமல் நின்றால் பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். அங்கே கண்ணாடி இல்லாவிட்டால், "சர்ம டாக்டரிடம் அனுப்பக் கடிதம் கொடுங்கள்" என்று கேளுங்கள். இங்கிருந்து மலாக்காவுக்குப் பஸ் ஏற வேண்டும், ஒரு நாள் போகும், வாஸ்தவம். போகும் அன்று காலில் மருதாணி, நகத்தில் பூச்சு வேண்டாம். அவை அடையாளத்தை மறைத்துவிடும். காலைக் கழுவிக்கொண்டு போங்கள். கழுவாவிட்டாலும் பரவாயில்லை, டாக்டர் முகத்துக்கு எதிரே நன்றாக நீட்டிக் காட்டுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் பின்வரிசை மேஜையில் நான் உட்கார்ந்திருப்பேன். என்னிடம் பெரிய கருவி ஒன்றும் கிடையாது. ஒரு சிறிய பூதக்கண்ணாடியும் மைப்பெட்டியும் கொண்டுவந்திருக்கிறேன். பிள்ளைகள் கைநாட்டு வைத்து மேடு எது, பள்ளம் எது என்று பார்த்துக்கொள்ளலாம். பெரியவர்களில் காலில் கறுப்பு உள்ளவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள். புற்றா இல்லையா என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தப்பை ஒருமுறை செய்துவிட்டேன். கிளினிக்கில் கொடுப்பதற்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள்.